தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "ஏண்டா கடிச்சே?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும், கேட்டவரைச் சமாதானப்படுத்தும் பதிலாகத்தான் இருக்கும். மனசுக்குள் நடப்பதைச் சொல்லாக்கும் திறன் அந்த வயதில் முழுதாகக் கைகூடியிருக்காது. அதனால் விளையாட்டுச் சிகிச்சை தரும் என் அறையில் கேள்வி குறைவு. பாய், சொப்புச் சாமான், பொம்மைக் குடும்பம், களிமண், ஒரு தட்டு மணல். பிள்ளையோடு நானும் தரையில்.

மணல் தட்டு வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1920களின் கடைசியில், லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை நல மருத்துவர், எச்.ஜி. வெல்ஸின் ‘ஃப்ளோர் கேம்ஸ்’ (1911) நூல் தந்த நினைவில் சின்னச் சின்னப் பொம்மைகளைச் சேர்த்துவைத்தார். மணலும் இருந்தது. பொம்மைகளை மணலுக்குள் கொண்டுபோய் உலகங்கள் கட்டியவர்கள் அவரிடம் வந்த பிள்ளைகள்தான். வழிகாட்டும் உரிமையும் அவர்களுக்கே என்று நான் நம்புகிறேன்.

அப்பா வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிறகு, வகுப்பில் பென்சிலால் குத்தத் தொடங்கிய சிறுவன் (பல பிள்ளைகளிடம் பார்த்ததை ஒருவனாக்கிச் சொல்கிறேன்) வரும்போதெல்லாம் விமானத்தை மணலில் புதைப்பான். "அப்பா ஞாபகமா கண்ணு?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால், விளையாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவான். "ஏரோப்ளேன் மண்ணுக்குள்ள போயிடுச்சு" என்று, கண்டதை மட்டும் சொல்வேன். "இனிமே பறக்காது" என்றான் ஒருநாள். "பறக்கவே கூடாதுன்னு இருக்கு உனக்கு" என்றேன். தலையாட்டினான். அதற்குப் பிறகும் புதைப்பதும் தோண்டுவதும் வாரக்கணக்கில் நடந்தன. அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

பிள்ளையை அதன் போக்கில் விடுவது என்று இதற்குப் பொருளில்லை. 1947இல் விளையாட்டுச் சிகிச்சைக்கு எட்டுக் கோட்பாடுகளை வகுத்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன், எட்டாவதாக எல்லையை வைத்தார். மணலை அள்ளி என்மேல் வீச வந்தால், "உனக்கு என்மேல கோபம். என்மேல மண்ணு வீசக் கூடாது. அந்தத் தலகாணியக் குத்தலாம்" என்பேன். இந்த வரிசை மாறக் கூடாது. தடையை முதலில் சொன்னால், கோபப்படுவதே தப்பு என்று பிள்ளைக்குப் படும். தலையணையைக் காட்டாவிட்டால் அந்தக் கோபம் போக இடமிராது.

"நாலு போட்டா சரியாயிடும் மேடம்" என்பார்கள் பாட்டிமார். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, இரவில் தூங்குகிறதா என்று முதலில் விசாரிப்பேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்பேன்: தினம் பத்து நிமிடம், கைபேசி இல்லாமல், பிள்ளை சொல்கிற விளையாட்டு, திருத்தக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது. பள்ளியிலிருந்து புகார் வந்த அன்றும் அதைப் பறிக்கக் கூடாது. காய்ச்சல் கூடினால் மருந்தை நிறுத்துவோமா?

"சும்மா கூட உக்காந்திருக்கிறதுதான் மேடம் கஷ்டமா இருக்கு" என்று அடுத்த வாரம் அம்மாக்கள் வந்து சொல்வார்கள். உண்மையிலேயே கஷ்டம்தான். அவர்களையும் உள்ளே அழைத்து, அந்தப் பத்து நிமிடத்தை மூவருமாகச் செய்துபார்ப்போம்.