தானாக ஏறும் தகடு

1960-களில் பெரிய கம்ப்யூட்டர் இருந்த அறையில் ஓர் ஆள் காத்திருப்பான். நாடாச் சுருளைத் தூக்கி வந்து யந்திரத்தில் மாட்டுவது அவன் வேலை. ஆங்கிலத்தில் அதற்கு 'மவுண்ட்' என்று பெயர். இன்று நம் மேஜைமேல் சுருளும் இல்லை, ஆளும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

காலஞ்சென்ற என் தாயார் சொன்ன கதைகள் ஒரு குறுந்தகட்டில் இருந்தன. மதுரையில் நான் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலோ தகடு போட இடமே இல்லை. தம்பி மகன் தகட்டை அச்சாகப் படியெடுத்து, 'ஐ.எஸ்.ஓ.' என்ற ஒரே கோப்பாக்கினான். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கினால் போதும், தகடு போட்டதுபோலத் திறக்கும். ஆனால் யந்திரத்தை அணைத்து எழுப்பினால் மறுபடி சொடுக்க வேண்டும். என்னுடையது லினக்ஸ். அதிலுள்ள 'எஃப்எஸ்டேப்' என்ற பட்டியலில் பையன் ஒரு வரி சேர்த்தான். அன்றுமுதல் விசையை அழுத்தியதும் தகடு தானே ஏறிக்கொள்கிறது. உள்ளே இருப்பதைக் கேட்கலாம், திருத்த முடியாது.

சௌகரியம்தான். ஆனால் பாருங்கள், கையால் எடுத்துப் போட்ட நாளில் தகட்டின் கீறல் கண்ணில் படும். தானாக வந்து நிற்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? கோப்பைத் தாங்கும் வன்தட்டு ஒருநாள் நின்றுவிட்டால் குரலும் அதோடு போயிற்று.

ஆகவே சோழவந்தானில் தங்கை வீட்டில் இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது அதை நானே திறந்து, முதல் கதையிலிருந்து கடைசிக் கதைவரை கேட்டுவிடுகிறேன். அந்த வேலையை மட்டும் யந்திரத்திடம் விடுவதாக இல்லை.