பொறுத்துக்கொண்ட பிழை

பிழை இருவகைப்படும். செய்தவுடன் தன்னை அறிவித்துவிடுவது ஒன்று. ஓசையின்றி உடனிருந்து, இடம் மாறிய பின்னரே வெளிப்படுவது மற்றொன்று. இரண்டாம் வகையே கொடிது என்பதை, யாப்பிலக்கணம் கற்பிக்கும் யாம், எம் பழைய மாணவர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட செய்தியை இம்மலரில் பதிவு செய்ய விழைகிறோம்.

எம் தந்தையார் கடற்கரையூரில் தோணி வணிகருக்குக் கணக்கெழுதி வாழ்ந்தவர். சுக்கான், நங்கூரம், பாய்மரம் எனத் தோணித் தொழிலாளர் வாயில் வழங்கிய சொற்களையெல்லாம் பழைய கணக்கேடுகளில் பல்லாண்டுகள் குறித்துவைத்தார். அவர் மறைந்தபின் அவ்வேடுகள் எம் கைக்கு வந்தன. எம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்று, பின்னர்க் கணிப்பொறித் துறையில் பணி பெற்ற மாணவர் ஒருவர் அவற்றைக் கண்டார். "ஐயா, வாப்பாவுடைய சொற்களை ஒரு சிறு கருவியில் ஏற்றித் தருகிறேன். சொல்லைக் கொடுத்தால் ஏட்டின் பக்க எண் வரும்" என்றார். துறை விழாவில் அதனைத் திறந்து வைப்பது என முடிவாயிற்று.

அவர் தேர்ந்தது 2021ஆம் ஆண்டு வெளிவந்த இராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் விரலளவே ஆன பலகை. நிரலைச் சி மொழியில் எழுதினார். தம் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார், குறையொன்றும் இல்லை. பலகையில் ஏற்றி, 'கயிறு' என்னும் ஒரே சொல்லை வைத்துச் சோதித்தார். பக்க எண் சரியாக வந்தது. விழாவுக்கு முந்தைய நாள் சொற்கள் அனைத்தையும் ஏற்றினார். 'தோணி' என்று கேட்டதும் கருவி உறைந்து நின்றுவிட்டது.

எமக்குக் கவலை மிகுந்தது. "மடிக்கணினியில் சரியாக வருகிறதே, தம்பி. நாளை அதையே காட்டிவிடுவோம்" என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். "ஐயா, பிழை அதிலும் இருக்கிறது. அது பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்."

பின்னர் அமர்ந்து விளக்கினார். நினைவகம் என்பது பைட் எனப்படும் சிற்றறைகளின் நீண்ட வரிசை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி எண். நான்கு பைட் கொண்ட ஓர் எண்ணைச் செயலி ஒரே வீச்சில் எடுக்க வேண்டுமாயின், அது நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்குதல் முறை. அவரோ, சொல்லின் நீளத்திற்கு ஒரு பைட், அடுத்துச் சொல், அதனை ஒட்டிப் பக்க எண்ணுக்கு நான்கு பைட் என இடைவெளியின்றி அடுக்கியிருந்தார். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'கயிறு' என்பதில் குறியீடுகள் 5. ஆகவே 15 பைட். நீளத்திற்குரிய ஒன்றையும் கூட்டினால் 16, நான்கால் வகுபடுகிறது. இலக்கணத்தில் 'தோணி' ஈரெழுத்துச் சொல்லே. ஆயினும் துணைக்குறிகளையும் எண்ண, குறியீடுகள் 4, பைட் 12. ஒன்றைக் கூட்டினால் 13, வகுபடவில்லை. "தளை தட்டுகிறது என்று சொல்!" என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

மடிக்கணினியின் இன்டெல் செயலி இத்தகைய தளைக்கேட்டைப் பெரும்பாலும் பொறுத்து, வேண்டிய எண்ணைத் தந்துவிடும். பிக்கோவில் உள்ள கார்டெக்ஸ் எம்0 பிளஸ் செயலி பொறாது, பணியையே நிறுத்திவிடும். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநூலோ, முறையாக அமையாத முகவரியை எண்ணுக்குரிய சுட்டியாக மாற்றினாலே விளைவு வரையறையற்றது என்கிறது. இன்டெல்லிலும் 16 பைட்டை ஒருங்கே எடுக்கும் சில கட்டளைகள் வரம்பு மீறினால் நிரலை முறித்துவிடும். ஆக, பொறுமையுடைய இடத்திலும் அப்பொறுமை உறுதியானதன்று.

திருத்தமும் முதல் முயற்சியில் கைகூடவில்லை. பைட்டுகளை முறையான ஓரிடத்திற்குப் படியெடுத்துக்கொள்ள மெம்காப்பி என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்தினார். ஆனால் எண்ணுக்குரிய பழைய சுட்டியையே அதனிடம் கொடுத்தார். தொகுப்பான் அச்சுட்டியை நம்பி, நான்கு பைட்டையும் ஒரே வீச்சில் எடுக்கும் கட்டளையையே மீண்டும் அமைத்தது. சுட்டியை வெறும் பைட்டுக்குரியதாக வைத்துப் படியெடுத்த பின்னரே கருவி இயங்கிற்று. பிறகு மடிக்கணினியில், இத்தகைய இடங்களைக் காட்டிக்கொடுக்கும் ஜிசிசி தொகுப்பானின் சோதனையையும் ஓட்டினார். மேலும் இரண்டு இடங்கள் அகப்பட்டன.

பெரியோர் அமைத்த மென்பொருள்களிலும் இச்சிக்கல் உண்டாம். ஈதர்நெட் வலையில் வரும் செய்தியின் தலைப்பு 14 பைட். அதனை அடுத்துவரும் ஐபி தலைப்பு நான்கின் எல்லையில் அமையாது. பொறாத செயலிகளுக்காக லினக்ஸ் முன்னே 2 பைட்டை வெறுமனே விட்டு, 16இல் தொடங்கச் செய்கிறது. செய்யுளில் பொருளின்றி இடம் நிரப்பும் அசைச்சொல்லை யாம் நினைத்துக்கொண்டோம்.

நள்ளிரவில் தேநீர் அருந்துகையில் அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, என் விடைத்தாள்களில் ஒற்றுப்பிழைகளை நீங்கள் வட்டமிட்டதே இல்லை. பொருள் விளங்குகிறது என்று மதிப்பெண் தந்துவிடுவீர்கள். படிப்பை முடித்ததும் ஒரு மொழிபெயர்ப்புப் பணித் தேர்வுக்குப் போனேன். அங்கே ஒற்றுப்பிழைக்காகவே தள்ளிவிட்டார்கள்."

அவர் குறைகூறும் தொனியில் சொல்லவில்லை. ஆயினும் எமக்கு நா எழவில்லை. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் உள்ள வேற்றுமையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் யாமே. விடைத்தாளில் அதே பிழையைக் கண்டபோது இரக்கம் என்று கருதி விட்டுவிட்டவரும் யாமே. எம் வகுப்பறையில் அவருடைய தமிழ் சரியாக இயங்கியது. வேற்றிடத்தில் உறைந்து நின்றது. பொறுத்துக்கொண்டதனால் பிழை நீங்கிவிடவில்லை. அதன் விலையைப் பிறிதோரிடத்தில் அவர் செலுத்த நேர்ந்தது.

"தம்பி, அது எம் பிழை" என்றோம். "இருக்கட்டும் ஐயா" என்று கூறிவிட்டு அவர் திரையை நோக்கித் திரும்பினார்.

மறுநாள் விழாவில் முதல் சொல்லாக 'தோணி' என்பதையே கேட்டோம். பக்க எண் வந்தது. ஏட்டைப் புரட்டினோம்; எம் தந்தையாரின் சாய்ந்த கையெழுத்தில் அச்சொல் இருந்தது.

அன்று முதல் எம் சிவப்பு மைப் பேனா சற்று மிகுதியாகவே உழைக்கிறது. மதிப்பெண்ணில் கை தாராளமாக இருக்கலாம், வட்டமிடுவதில் இருத்தலாகாது. வட்டங்களைக் கண்டு முகம் வாடும் இளைய மாணவச் செல்வங்கள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக!