சேறு அள்ளப்போறது யாரு?

லீவுக்கு வீட்டுக்கு வந்த எங்களிடம் பக்கத்துக் காம்பரா மாமா ஒரு தாளை நீட்டினார். பதுளை டவுனில் ஏஜென்சிக்காரர் கொடுத்தது. ஓமான், எண்ணெய் வயல், நாணல் வெட்டுதல், சேறு அகற்றுதல். "நம்ம கான் வெட்டுற வேலைதான்டா. வாசிச்சு சொல்லுங்க" என்றார்.

நாங்க ஆர்ட்ஸ் பிள்ளைகள். விஞ்ஞானத்தை ஓ லெவலோடு விட்டவர்கள். இருந்தாலும் தேடி வாசித்தோம்.

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் மட்டும் வருவதில்லை. பழைய வயல்களில் அதைவிடப் பல மடங்கு உப்புத்தண்ணியும் வருது. ஓமானின் நிம்ர் பகுதியில் அந்தத் தண்ணீரை, நாணல் வளர்த்த செயற்கைச் சதுப்பு நிலத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். நாளுக்கு ஒரு இலட்சம் கனமீற்றருக்கும் மேல். நம்ம லயத்துக்குப் பின்னால அழுக்குத் தண்ணி சேம்புப் பத்தைக்குள்ள போயி, கீழ தெளிஞ்சு வருமே, அது மாதிரி. மிச்ச எண்ணெயை வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

ஆனால் எண்ணெய் வயல் தண்ணீர், பூமிக்கடியிலிருந்து ரேடியத்தையும் கரைத்துக்கொண்டு வரலாம். வயலுக்கு வயல் அளவு மாறும். அதை எந்த நுண்ணுயிராலும் தின்ன முடியாது. தண்ணி தெளியத் தெளிய, அது சேத்துல சேரும். பென்சில்வேனியாவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ரேடியத்தில் பெரும்பங்கை நீக்கிவிட்டுத்தான் நீரை ஓடையில் விட்டது. அப்படியும் அந்த இடத்துச் சேற்றில், ஓடையின் மேற்பகுதியைவிடச் சுமார் 200 மடங்கு ரேடியம் இருந்ததை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 வருடமாகும். 1867இல் தொடங்கிய நம்ம தேயிலை வரலாறு அதில் பத்தில் ஒரு பங்குதான்.

பயந்து ஓடத் தேவையில்லை. ரேடியத்தின் ஆல்பா கதிரைத் தோலே தடுத்துவிடும். பெரிய ஆபத்து, அது உடம்புக்குள் போனால்தான். காய்ந்த சேற்றின் தூசியை மூச்சில் இழுத்தால், கழுவாத கையால் சாப்பிட்டால், கல்சியம் போகும் வழியிலேயே போய் எலும்பில் தங்கிவிடும்.

மாமாவின் ஃபோனில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தோம். அள்ளுறதுக்கு முந்தி சேத்துல கதிர்வீச்சு அளப்பாங்களா? ஈரத்தோடயே அள்ளுவாங்களா? மாஸ்க்கும் கையுறையும், கழுவி உடுப்பு மாத்த இடமும் தருவாங்களா? வெட்டின நாணலும் அள்ளின சேறும் எங்க போகுது?

மாமா சிரித்தார். "இங்க முப்பது வருசம் மருந்தடிச்சேன், மூஞ்சில துண்டக் கட்டிக்கிட்டு. ஒரு கேள்வி கேட்டதில்லையேடா."

எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் ஏஜென்சிக்கு அவரோடு நாங்களும் போனோம். பஸ்ஸில் திடீரென்று திரும்பி, "அந்த அளக்குற மெசினுக்கு என்னடா பேரு?" என்றார். கைகர் கவுண்டர் என்றோம். பதுளை வரும்வரை அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.