உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

இலக்கியம் பேசும் இந்த இடத்தில் ரிமோட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். தொலையியக்கி என்றும் எழுதலாம். தென்காசியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் ரிமோட் என்றே எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன், பேசிப் பிழைப்பவன். நான் பேசியது போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் எனக்கு முதன்முதலாக வந்தது ஒரு ரிமோட்டால்தான்.

என் அத்தை மகன் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான். டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பதில் தொடங்கி, காலத்தோடு நகர்ந்து இந்த இடத்துக்கு வந்தவன். அவனுடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் குற்றாலத்தில் வீடு கட்டிப் பூட்டிவைத்துவிட்டுச் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பவர்கள். சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். இறங்கிய அன்று மாலையே இவனுக்குத் தொலைபேசி வரும்: படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை. இவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். "ஒரு பொத்தானை அமுக்கிட்டு வருவேன் அத்தான். பெட்ரோல் காசு வாங்கவே கூச்சமா இருக்கும்" என்பான்.

சென்ற கோடை விடுமுறையில், ஐந்தருவிச் சாலையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு அவனோடு நானும் போனேன். கூடத்து மேசையில் ஐந்து ரிமோட்டுகள் கிடந்தன: டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று, இணையத்தில் படம் பார்க்கும் சிறு பெட்டிக்கு ஒன்று. ஐந்தையும் ஒரே ரிமோட்டில் அடக்கி, ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் தத்தம் நிலைக்கு வரும்படி செய்வதுதான் அன்றைய வேலை.

அதில் பெரிய சிக்கல் ஒலிமுறைகள். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவிலும் 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்ஸிலும் வந்தபோது திரையரங்கில் தலையைத் திருப்பிப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்தச் சூழொலி இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள். அடியொலிக்கு ஒரு சப்வூஃபர். 5.1 என்பது இதுதான். முன்வரிசையில் நடுவில் இருப்பது பேச்சுக்கானது. திரைப்பட வசனம் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். மழை, இடி, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் சுற்றிலும் பரவும். ஆனால் எல்லா ஒலியும் இப்படிப் பிரித்துப் பதிவு செய்யப்பட்டதல்ல. ஐம்பதுகளின் படம் ஒற்றைத் தடத்தில் பதிவானது. அதை 'ஹால்' என்னும் முறையில் போட்டால் கூடம் முழுவதும் எதிரொலிக்கும். பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும். அதையே டால்பி புரோ லாஜிக் முறையில் போட்டால், இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் ஒலியை அது நடுவுக்கு நகர்த்திவிடும். குரல் எதிரே ஓர் ஆள் நின்று பாடுவதுபோல் வரும். எதற்கு எது என்று தெரிந்து வைப்பதுதான் தொழில்.

தெரிந்தால் மட்டும் போதாது, ரிமோட்டுக்குச் சொல்லவும் வேண்டும். பல ஆம்ப்ளிஃபயர்களில் 'சரவுண்ட்' என்று ஒரே பொத்தான் இருக்கும். அழுத்த அழுத்த ஒன்றிலிருந்து அடுத்த முறைக்குத் தாவும். மூன்று முறை அழுத்தினால் நாம் விரும்பிய இடம் வரும் என்று எழுதி வைத்தால், தொடங்கிய இடம் நாம் நினைத்த இடமாக இருக்கும்வரை சரி. நடுவில் ஒரு குழந்தை ஒருமுறை அழுத்திவிட்டுப் போயிருந்தால் எல்லாம் பிசகும். ஆகவே அவன் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் குறி இருக்கிறதா என்று தேடுவான். இல்லையென்றால், எந்த நிலையில் இருந்தாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் பொத்தான் ஒன்றைக் கண்டுபிடித்து முதலில் அதை அனுப்புவான். பிறகுதான் எண்ணத் தொடங்குவான். ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்ளச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் அனுப்பும் எதுவும் வீண். உள்ளே 'டிக்' என்று ஓர் ஓசை வரும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியை விநாடிக் கணக்கில் எழுதி வைத்தான்.

"இவ்வளவு ஏன்? அது எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"என்ன அத்தான் இப்படிக் கேக்கீய? ரிமோட்டுக்கு வாய்தான் உண்டு. காது கிடையாது."

பிறகு விளக்கினான். ரிமோட்டின் நெற்றியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு விளக்கு. பெரும்பாலானவற்றில் அது விநாடிக்கு 38,000 முறை என்ற கணக்கில் துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. குறுக்கே ஆள் நடந்தாலும், முன்னால் பூச்சாடி இருந்தாலும் செய்தி சேராது. ஆனால் ரிமோட்டின் மேல் உள்ள அடையாள விளக்கு எப்போதும்போல் மினுங்கும். "அனுப்பிட்டேன்னுதான் அது சொல்லுது. கேட்டுதுன்னு சொல்லலை." இப்போது எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. எல்லாக் கருவியும் அதற்கு ஒழுங்காக இணங்குவதில்லை என்றான். உலகெங்கும் இந்த வேலைக்குப் பேர்போன ஹார்மனி ரிமோட்டுகளின் உற்பத்தியை லாஜிடெக் நிறுவனம் 2021-ல் நிறுத்திவிட்டது. அதன்பின் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான்.

கடைசியாக ஒரு பொத்தானுக்குச் 'சாரல்' என்று பெயர் வைத்தான். சீசன் நாட்களில் ஓட்டின் மேல் மழையும் பின்னால் ஓடையும் ஓயாமல் இரையும். அந்த இரைச்சலில் முதலில் மூழ்குவது மெய்யெழுத்து. பேரருவியில் குளித்தவர்களுக்கு இது தெரியும். அங்கே யார் பெயரைக் கூப்பிட்டாலும் 'ஏ', 'ஓ' என்பது மட்டுமே காதில் விழும். ஆகவே அந்தப் பொத்தான் நடு ஒலிபெருக்கியை உயர்த்தும், சப்வூஃபரைத் தணிக்கும், பெருஞ்சத்தத்துக்கும் சிறுசத்தத்துக்கும் உள்ள தொலைவைக் குறைக்கும் இரவு முறையையும் போடும்.

அப்போது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா மேலகரத்தில் எங்களோடு இருக்கிறார். பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். சில ஆண்டுகளாக எதற்கும் 'ம்' என்ற ஒற்றை எழுத்தில் பதில் சொல்வார். பால் வந்துவிட்டதா என்று கேட்டால், கால் இன்றைக்குப் பரவாயில்லை என்பார். வயதாகிவிட்டது, கவனமில்லை என்று நாங்கள் முடிவு கட்டினோம். டிவியின் சத்தத்தை ஏற்றுவார். என் மனைவி குறைப்பாள். பின்பு பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இலஞ்சியில் அவருடைய நண்பர் ஒருவர் நோய்ப்பட்டுக் கிடந்தார். அறுபது ஆண்டு நட்பு. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டியபடி, வாசலில் நின்று அதை அப்பாவிடம் சொன்னேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகு என் பக்கம் இருந்தது. 'ம்' என்றார். அவர் போகவில்லை. ஏதோ மனத்தாங்கல் போலும் என்று நானும் மறுபடி கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நண்பர் இறந்துவிட்டார். "ஏன்டா சொல்லலை?" என்று அப்பா கேட்டார். "சொன்னேனே" என்றேன். சற்று எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

ஐந்தருவிச் சாலையில் அந்தச் சிறு விளக்கு மினுங்குவதைப் பார்த்தபோது, அந்தச் 'சொன்னேனே' என் காதில் கேட்டது.

மறுநாள் அத்தை மகனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகவில்லை. அப்பாவின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, "மாமா, உங்களுக்குச் சத்தம் கேக்கலையா, பேச்சு கேக்கலையா?" என்றான். இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "உயிர் கேக்கு. மெய்தான் கேக்கலை."

முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களைத்தான் என்று பின்னர் படித்தேன். உயிரொலிகளின் வலு தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. க, ச, த, ப என ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய கூறுகள் பெரும்பாலும் மேற்பகுதியில் இருக்கின்றன. சத்தத்தை ஏற்றினால் உயிர்தான் இன்னும் உரக்கக் கேட்கும். நாற்பது ஆண்டு எழுத்தியல் நடத்தியவர், தம் நோயைத் தாமே கண்டுபிடித்து, கேட்பார் இல்லாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

'சாரல்' பொத்தானை எங்கள் வீட்டு ரிமோட்டிலும் எழுதி, அதன்மேல் 'அ' என்று ஒட்டினான். போகும்போது வாசலில் நின்று, "ரிமோட் மட்டும் பத்தாது அத்தான். மாமா காதைக் காட்டணும்" என்றான். திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். கேள்திறன் படத்தில் கோடு வலப்பக்கம் மலைச்சரிவுபோல் இறங்கியிருந்தது. காதுக்கருவியை அப்பா சில நாள் மாட்டுவார், சில நாள் மேசையில் வைத்துவிடுவார். 'அ' பொத்தானை மட்டும் நாள்தோறும் அழுத்துகிறார்.

தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்லும் 34 உறுப்புகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சொல்பவரின் கூற்று அதில் ஓர் உறுப்பு. கேட்போரும் ஓர் உறுப்பு. களனும் காலமும்கூட உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவது என் வழக்கம். பின்வரிசை மாணவர்கள் தலையாட்டினால் போதும் என்றிருந்தேன். தலையாட்டலும் 'ம்'மும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போதெல்லாம் அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் முதலில் 'அப்பா' என்று மட்டும் கூப்பிடுகிறேன். அவர் திரும்பும்வரை காத்திருக்கிறேன். சில நாள் அதற்கு நேரமாகும்.

ஒரு மாலை அவர் எதிரே உட்கார்ந்து, இலஞ்சி நண்பர் சொல்லி அனுப்பியதை மறுபடி சொன்னேன். வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னதையும் சொன்னேன்.

'ம்' என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.