மூக்குக்குப் பின்னால்

காரியாபட்டியில் எங்கள் மகனுக்கு மூக்கு ஒழுகாத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வானம் பார்த்த பூமி. காற்றடித்தால் புழுதி, அது அடங்கினால் சீமைக்கருவேலக் கரிமூட்டத்தின் புகை. இந்த ஊரில் பிள்ளைக்குச் சளி பிடிப்பது அதிசயமா என்று இருந்துவிட்டோம். அப்பத்தா நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கச் செய்தார். கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார். உள்ளூர் மருந்தும் வாங்கினோம். ஒரு வாரம் நிற்கும், மறுபடி தொடங்கும்.

இதற்கிடையில் பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாடத்தில் கவனமில்லை. நாங்கள் அதை நம்பினோம். கண்டித்தோம், ஒருநாள் அடித்தும் விட்டோம். அவனுக்கு அப்போது ஆறு வயது.

பிறகுதான் மதுரைக்குப் பேருந்து ஏறினோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கைப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்குவானா? குறட்டை உண்டா?"

இரண்டும் உண்டு. அதை நாங்கள் நோயென்று நினைத்ததில்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஆண்டில் ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு என்றார் அவர். மூக்கடைப்பும் கெட்டிச் சளியும் இருமலும் பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சி. பெரியவர்களைப்போலப் பிள்ளைகள் நெற்றி வலியென்று சொல்லமாட்டார்கள். நெற்றி சைனஸ் வளரவே ஏழெட்டு வயதாகும். பெரும்பாலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கிக் கிருமிகளுக்கு இருப்பிடமாகிவிடுகிறது. அங்கிருந்துதான் நடுக்காதுக்குச் செல்லும் குழாயும் தொடங்குகிறது. அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும்.

செவிப்பறையின் அசைவை அளந்து பார்த்தார். இரு காதிலும் நீர் கோத்திருந்தது. எங்கள் பிள்ளைக்குக் கவனம் குறையவில்லை. காதுதான் சரியாகக் கேட்கவில்லை.

பின்னர் படித்தறிந்தோம்: கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், காது மந்தமும் மூக்கடைப்பும் கொண்ட ஓர் இளம்பெண்ணைச் சோதித்து, இச்சதையே காரணமென்று கண்டு 1868இல் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

சைனஸில் உடனே கத்தி வைக்கவில்லை. கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு கலந்து தினமும் மூக்கைக் கழுவினோம். மூக்கில் அடிக்கும் மருந்தும் மூன்று மாதம் தொடர்ந்தது. சளி பாதி குறைந்தது, காது தெளியவில்லை. ஆண்டு விடுமுறையில் அடினாய்டை அகற்றினார்கள். இவ்வளவும் தனியாரிடம்தான் கிடைக்கும் என்பதில்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. எங்களிடம் குறைந்தது பணமன்று, போகவேண்டும் என்ற நினைப்பு.

சில வாரங்கள் கழித்து, சாப்பிட வரும்படி அவனை அழைத்தோம். முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க?"

அதுவரை அவனிடம் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.