குப்பைக்கீரை

மொட்டை மாடியில் கீரை போடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம் மூன்றும் கலந்து நிரப்பிய பத்துப் பைகள். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்புகள் விட்டுவைத்தால் நான்காம் நாள் முளை தெரியும். சிறுகீரையை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழைக்கும்.

விதைக்காததும் முளைக்கும். போன ஆடியில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நான் களையெடுத்துப் போட்டிருந்த குவியலைக் கிளறிப் பார்த்தார்.

"ஏண்டா, கீரையப் போயி களைன்னு புடுங்கிப் போட்டிருக்க?"

அது குப்பைக்கீரை. எனக்குத் தெரியாமல் இல்லை. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சேர்ந்த அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். தெரிந்தேதான் பிடுங்கிப் போட்டிருந்தேன்.

நான் வகுப்பில் நடத்தும் நூல்களுள் ஒன்று சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது. அதில் வரும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் மண்ணின் பாட்டு என்று அதன்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. பாணனின் வறுமையைச் சொல்லுமிடத்தில், கண் திறவாத குட்டிகளுக்குப் பால் தர இயலாமல் குரைக்கும் நாய் கிடக்கும் அடுக்களை வருகிறது. அங்கே ஒரு பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்வைக்கு நாணிக் கதவை அடைக்கிறாள். உள்ளே சுற்றத்தார் அத்தனை பேரும் சேர்ந்து உண்கிறார்கள்.

ஒருமுறை ஒரு மாணவன் கேட்டான்: "கீரை உடம்புக்கு நல்லதுதானே ஐயா, அதைத் தின்ன எதற்குக் கதவைச் சாத்தணும்?" வகுப்பு சிரித்தது. வறுமையின் இயல்பு அறியாதவர் காண்பதற்கு நாணி என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். அந்தக் கதவின் உட்புறத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மல்லாட்டை பிடுங்கும் வேலை முடிந்து, நடவும் தொடங்காத இடைக்காலங்களில் எங்கள் வீட்டில் கீரைதான். மாட்டுக் கொட்டகையின் பின்புறம் அம்மா பொழுது சாய்ந்த பிறகே பறிக்கப் போவார். இரவில் கீரை ஆகாது என்பார்கள். எங்களுக்கோ அதுவே இரவுச் சாப்பாடு. இலை வேகும்போதே கதவைச் சாத்திவிடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வெளியில் நின்று, "என்னா கொழம்பு?" என்று கேட்டார். அம்மா உள்ளிருந்தபடியே "சாம்பார்" என்றார். "இல்ல, கீர" என்று நான் வாயைத் திறந்ததற்குத் தொடையில் கிடைத்த கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் கீரையில் உப்பு இருந்தது. மரக்காணத்து உப்பளங்கள் பக்கம்தான், உப்பு மலிவு. சோறுதான் இல்லை. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 159ஆம் பாட்டில் வரும் குப்பைக்கீரைக்கு உப்பும் இல்லை, மோரும் இல்லை, சோறும் இல்லை. சிறுபாணாற்றுப்படையிலோ, கொற்கையைச் சொல்லுமிடத்தில் உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. அதே பாட்டில், சில பத்து அடிகள் தள்ளி, ஒரு வீட்டுச் சட்டியில் உப்பு இல்லை. எத்தனையோ முறை நடத்தியும் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

அன்று அம்மாவே சமைத்தார். மூன்று நீரில் அலசி, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து அடுப்பில் ஏற்றினார். நான் மூடியை எடுத்தேன். "கீரைய மூடக் கூடாது" என்று தடுத்தார். காரணம் உண்டு. கீரையிலுள்ள அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் உள்ளேயே தங்கிப் பச்சையத்தின் மக்னீசியத்தைப் பிரித்துவிடும், நிறம் பழுத்துப்போகும். அம்மாவுக்குக் காரணம் தெரியாது, நிறம் தெரியும். சட்டி நிறைய இருந்தது ஒரு கையளவாய் வெந்து அடங்கிய பிறகே உப்புப் போட்டார். முதலிலேயே போட்டால் அளவு ஏமாற்றிவிடும். மத்தால் கடைந்து, வடகம் தாளித்துக் கொட்டினார்.

சாப்பிடும்போது கேட்டேன்: "அப்பல்லாம் ஏம்மா கதவச் சாத்துவ? கீர திங்கறது அவ்வளவு கேவலமா?"

"கீர திங்கறதுல என்னாடா கேவலம்? இருந்தது நாலு பேருக்கு. சாப்புடற நேரத்துல ஒருத்தர் வந்து நின்னா, வாங்க சாப்புடலாம்னு கூப்புடாம இருக்க முடியுமா? கூப்புட்டுட்டு எத குடுக்கறது?"

உரை இப்படிச் சொல்லவில்லை. பாட்டும் பிறர் பார்வைக்கு நாணியதாகத்தான் சொல்கிறது. ஆனாலும் அந்தப் பெண் எதற்கு நாணினாள் என்பதை நான் இவ்வளவு காலம் பாதிதான் விளங்கிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. உண்பது இன்னதென்று பிறர் அறிவது ஒரு நாணம். வந்தவரை உண்ணச் சொல்ல முடியாமற்போவது அதைவிடப் பெரிய நாணம். சுற்றம் முழுவதையும் உள்ளே அமர்த்திப் பகிர்ந்தவள் அவள். அதற்கு வெளியே இன்னும் ஒருவருக்குத்தான் அவளிடம் இல்லை.

அடுத்த பருவத்தில் அந்த அடிகள் மீண்டும் வரும். உரையாசிரியர் சொன்னதோடு அம்மா சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். பத்தாவது பையில் இப்போது நான் எதுவும் விதைப்பதில்லை. நீர் மட்டும் ஊற்றுகிறேன். அதில் வருவதைப் பறித்துக்கொண்டு போகச் சொல்லிக் கீழ்வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.