தேய்மானம்

நீங்கள் கார் வைத்திருப்பவரா? இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். காரின் முன்பக்க மூலையில், ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு கைகளையும் வைத்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, சட்டென்று கையை எடுங்கள். கார் மேலே எழும்பி, கொஞ்சம் தாழ்ந்து, அப்படியே நின்றுவிட்டால் க்ஷேமம். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் காலி!

(கார் இல்லாதவர்களும் படிக்கலாம். டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் மூட்டு உண்டு.)

என் அப்பாவின் கார் நன்றாகவே தலையாட்டியது. 2005-ம் வருட மாருதி 800. டி.என்.28, அதாவது நாமக்கல் பதிவு. அப்பா ராசிபுரத்தில் இருக்கிறார்; ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்; வயது 76. மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு சேலத்துக்கு மூட்டு டாக்டரிடம் வருவார். 'முழங்கால் தேய்மானம்' என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். காரின் தேய்மானத்தைப் பற்றி யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் திரும்பிப் போகும்போது நான் ஓட்டினேன். மல்லூர் தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. வண்டி நேராகப் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டும். விட்டால் வலது பக்கம், எதிர் டிராஃபிக்கைப் பார்த்துப் போகிறது. ஆண்டகளூர் கேட்டில் திரும்பி ராசிபுரம் ரோட்டைப் பிடித்ததும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி 'டொக்'.

"அப்பா, சத்தம் வருதே?"

"எந்தச் சத்தம்?"

பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது. பின் சீட்டில் அம்மா முணுமுணுத்தது அவருக்குக் கேட்டதே!

நான் படித்தது பி.காம். எங்கள் சிலபஸில் தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன். வருடா வருடம் ஒரே தொகையைக் கழிப்பது ஒரு முறை. மிச்சமிருக்கும் மதிப்பில் சதவீதம் கழிப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவதில் மதிப்பு குறைந்துகொண்டே வரும், பூஜ்யத்தை மட்டும் தொடவே தொடாது. எங்கள் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. எதற்குச் சொல்கிறேன் என்றால், கணக்குப் புத்தகத்தில் தேய்மானத்துக்கு மார்ச் 31 என்று ஒரு தேதி உண்டு. அன்றைக்கு உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும். காருக்கு அடியில் மார்ச் 31 கிடையாது. தினம் ஒரு நூல் தேய்கிறது. நம் கையும் தினம் ஒரு நூல் பழகிக்கொள்கிறது. ஓட்டுகிறவனுக்குத்தான் கடைசியில் தெரியும்.

பழைய கார்களில் இந்த மார்ச் 31 இருந்தது. அம்பாசடரில் முன் சக்கரங்களைச் சுற்றி கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீஸ் ஸ்டேஷன் பையன் குழிக்குள் இறங்கி, கிரீஸ் கன்னால் ஒவ்வொன்றாக அடிப்பான். அடிக்கிற சாக்கில் நாலு இடத்தை அசைத்தும் பார்ப்பான். மாருதி மாதிரி கார்களில் பால் ஜாயிண்ட்டை உள்ளேயே கிரீஸ் வைத்து, ரப்பர் பூட் மாட்டி, மூடியே அனுப்பிவிட்டார்கள். கிரீஸ் வேண்டாம், வேலை மிச்சம். ஆனால், குனிந்து பார்ப்பதற்கான காரணமும் போய்விட்டது. (அம்பாசடர், மாருதி 800 இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்று போயின. ரோட்டில் இன்னும் நிற்கவில்லை.)

'ஷாக் அப்சார்பர்' என்பதே தப்பான பெயர். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்ப்ரிங். வாங்கியதோடு சும்மா இராமல் அது குதித்துக்கொண்டே இருக்கும். 'போதும், அடங்கு' என்று அதன் தோளைப் பிடித்து நிறுத்துகிற வேலைதான் ஷாக் அப்சார்பருக்கு. உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். அவ்வளவே! ஸ்ப்ரிங்கையும் இதையும் ஒரே கம்பமாகச் சேர்த்து முன் சக்கரத்தின் மேல் நிறுத்தும் அமைப்பை உருவாக்கியவர் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக யோசித்தார். 1947-ல் அந்தத் திட்டத்தையே கம்பெனி கைவிட்டது. மனிதர் போர்டு கம்பெனிக்குப் போய், அங்கே 1950-ல் வந்த கான்சல் காரில் தன் ஐடியாவை ஓடவிட்டார். அதன் பேரப்பிள்ளைதான் ராசிபுரத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அதை ஆடவைத்ததில் நம் வேகத்தடைகளுக்கும் பங்கு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்றது. 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். நம் ஊரில்? மிச்சமான தாரைக் குவித்து, ஒரு முழ அகலத்துக்கு ஒரு வரப்பு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். தலைமை தாங்கியவர் பக்கத்து வீட்டு அண்ணன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கமான் பட்டைகளைத் தூக்கிப் பழகிய அந்தக் கைக்கு மாருதியின் சாமான்கள் பொம்மை மாதிரி. "தீப்பெட்டிங்க இது" என்றார்.

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினோம். பின் சக்கரங்களுக்குக் கல். நான் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க தம்பி. ஜாக்கி தூக்கறதுக்குத்தானுங்க, தாங்கறதுக்கு இல்லீங்க."

வெல்டிங் பட்டறையிலிருந்து வாங்கி வந்திருந்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை அடியில் வைத்தார். அது போதாதென்று ஸ்டெப்னியையும் படுக்கவைத்து உள்ளே தள்ளினார். நீங்கள் வீட்டில் எந்த வேலை செய்தாலும் சரி, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். (ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரி சக்கரம் செய்ய ஆரம்பித்தார்கள். ராசிபுரம் பஞ்சர் கடை வரைக்கும் பெயர் வந்துவிட்டது.)

சக்கரத்தைக் கழற்றி, டைராடு எண்டின் ஊசியை நிமிர்த்தி எடுத்து, நட்டை இறக்கி, லோயர் ஆர்மைத் தனியே எடுக்க மதியம் ஆகிவிட்டது. இருபது வருடத் துரு. ஸ்பானருக்குப் பைப் மாட்டி, அதில் நானும் தொங்கி... அதை விடுங்கள். ஷாக் அப்சார்பர் கம்பத்தை ஸ்ப்ரிங்கோடு அப்படியே இறக்கினோம். அதன் உச்சியில் நடுவில் ஒரு நட்டு இருக்கும். அதை மட்டும் அண்ணன் தொடவிடவில்லை. அமுங்கி இருக்கிற ஸ்ப்ரிங் அந்த நட்டை நம்பித்தான் அடங்கிக் கிடக்கிறது. கழற்றினால் ஆளையே அடித்துவிடும். கம்பங்களைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், ஸ்ப்ரிங்கை அமுக்குகிற கருவியில் மாட்டி மாற்றிக்கொண்டு வந்தோம். இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் நொண்டும்.

அப்பாவால் குனிய முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. அவர் கையில் பழைய லோயர் ஆர்மையும் புதுசையும் கொடுத்தார் அண்ணன். நுனியில் பால் ஜாயிண்ட். நம் இடுப்பு மூட்டு மாதிரியே கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. புதுசைக் கட்டை விரலால் அழுத்தித் தள்ளினால்தான் அசைகிறது. பழசின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண். லேசாகச் சாய்த்ததும் தானாகவே தொங்கி விழுந்தது.

அப்பா ரொம்ப நேரம் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இது கழண்டுக்கிட்டா என்னப்பா ஆகும்?"

அண்ணன்தான் பதில் சொன்னார். "சக்கரம் மடிஞ்சு, வண்டி அப்படியே உட்காந்துருமுங்க சார். வூட்டு வாசல்ல ஆச்சுன்னா பரவால்லீங்க. பைபாஸ்ல ஆச்சுன்னா சிரமமுங்க."

அப்பா வீட்டுக்குள்ளே பார்த்தார். அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு நுட்பம் மட்டும் சொல்லிவிடுகிறேன். புஷ் இருக்கிற போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் இருக்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். மறுநாள் வீல் அலைன்மெண்ட். அதையும் தவிர்க்கக் கூடாது.

முடிந்தது. மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் நேர், வண்டி நேர், 'டொக்' இல்லை. அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டி இடது பக்கம் போனது!

நேராக்கினார். மறுபடியும் இடது பக்கம். மண்ணில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. அலைன்மெண்ட்டில் கோளாறா என்று நினைக்கும்போதே விளங்கிவிட்டது. காரில் ஒன்றுமில்லை. வலது பக்கம் இழுக்கிற காரை இழுத்துப் பிடித்தே ஓட்டிய கை, இப்போது நல்ல காரையும் இழுத்துப் பிடிக்கிறது. எத்தனை மாதப் பழக்கமோ! கார் சரியாகிவிட்டது. கை சரியாக இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

அப்பாவும் புரிந்துகொண்டார். ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"இதுமாதிரி எனக்கே தெரியாம நான் வேற எதெல்லாம் இழுத்துப் புடிச்சிட்டிருக்கேன்டா?"

முழங்காலைச் சொன்னாரா, கண்ணைச் சொன்னாரா, எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே கண் டாக்டரிடம் அவராகவே போனார். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று அவராகவே முடிவு செய்தார். பகலில் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார்.

55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள். டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கேட்கிறார்கள். நிறைய பேருக்கு அது வெறும் சீல். உண்மையில் அது அரசாங்கம் மனுஷனுக்கு வைத்திருக்கிற மார்ச் 31.

ஆகவே, காரை அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வருடத்துக்கு ஒரு நாள் உங்கள் வண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வண்டியைக் கொடுப்பது சுலபம். அந்த வாயை மூடுகிற வேலைக்குத்தான் சரியான ஸ்பானர் கிடைப்பதில்லை.